புதுப்பிப்பு: அந்த 1908 ஓவியம் போலிதான்

1908 என்று தேதியிட்ட எண்ணெய் ஓவியத்தை வாங்கலாமா, கையெழுத்து ஒத்துப்போகிறதே என்று போன மாதம் கேட்டிருந்தேன். நீங்கள் சொன்னபடி, விற்பவர் சம்மதத்தோடு ஆய்வகத்துக்கு அனுப்பினோம்.

எக்ஸ்-கதிர் சோதனையில் வெள்ளை நிறத்தில் டைட்டானியம் தெரிந்தது. அந்த வெள்ளை ஓவியர்கள் கைக்கு வந்ததே முதல் உலகப் போர்க் காலத்துக்குப் பிறகுதான். சரி, பின்னாளில் பழுதுபார்த்தவர் பூசியிருக்கலாமே என்று கேட்டேன். அப்புறம் ஊசிமுனை அளவு துணுக்கை எடுத்து நுண்ணோக்கியில் அடுக்கடுக்காகப் பார்த்தார்கள். கித்தானை ஒட்டிய அடிப்பூச்சிலேயே அந்த வெள்ளை இருந்தது; பழுதுபார்த்தவர் பூசியிருந்தால் மேலடுக்கில்தானே இருக்கும். அதற்குமேல் எனக்குச் சந்தேகமில்லை. போலி ஓவியங்களை வரைந்து விற்றதற்காக ஜெர்மனியில் 2011இல் தண்டனை பெற்ற வொல்ஃப்காங் பெல்ட்ராக்கியையும், 1914 என்று தேதியிட்ட ஓவியத்தில் இதே வெள்ளைதான் காட்டிக்கொடுத்தது.

நல்லவேளை, பணம் கொடுக்கவில்லை. அறிக்கையின் நகலை விற்பவரிடம் கொடுத்து, ஓவியத்தோடு சேர்த்தே வைக்கச் சொல்லியிருக்கிறேன்.