வசந்தகாலப் பறவைக் கணக்கு: குறைவது பறவையா, நம் கண்ணா?

பூங்காவில் நடந்தபடி கணக்கெடுப்பவர்களிடம் ஒரு உதவி.

ஒரே பாதை, ஒரே வேகம், சூரியன் உதித்த அரை மணிக்குள் தொடக்கம், 8x42 பைனாகுலர். வசந்தம் தொடங்கும்போது சிறு பறவைகளின் எண்ணிக்கை நன்றாக இருக்கிறது, போகப்போகச் சரிகிறது. இலை அடர்ந்தபின் கிளைக்குள் இருப்பது தெரியாது, காதைத்தான் நம்ப வேண்டும். காற்று பியூஃபோர்ட் காற்றுவேக அளவுகோலில் 4ஐத் தொட்டால் (மணிக்கு 20–28 கி.மீ.; சிறு கிளைகள் ஆடும், தூசியும் காகிதமும் கிளம்பும்) மெல்லிய கீச்சொலி அதில் அமுங்கிவிடும்.

வெப்பநிலையைச் செயலியிலிருந்து எடுப்பதில்லை, அது மரத்தடி நிலவரம் அல்ல. வெப்பமானியை நிழலில், ஒன்றரை மீட்டர் உயரத்தில் தொங்கவிட்டு, அளவு நிலைத்த பிறகே குறிப்பு. சட்டைப்பையிலிருந்து எடுத்த கையோடு பார்த்தால் உடம்புச் சூடுதான் கிடைக்கும்.

வண்ணத்துப்பூச்சிக் கணக்கில் இந்தத் தொல்லை இல்லை. குறித்த பாதையில் நடந்தபடி அவற்றை எண்ணும் பொல்லார்டு நடையில் விதி தெளிவு: இருபுறமும் 2.5 மீட்டர், முன்னால் 5 மீட்டர், 13 டிகிரி செல்சியஸுக்குக் கீழே நடையே வேண்டாம். பறவைக்கு அப்படி ஒரு கோடு எங்கே போடுவது?

காற்று 4 இருந்த நாட்களை அடியோடு நீக்குகிறீர்களா, குறியிட்டு வைத்துக்கொள்கிறீர்களா? கேட்டதையும் பார்த்ததையும் படிவத்தில் தனித்தனி நெடுவரிசையில் எழுதுபவர்கள், இலை விரிந்த அளவையும் 0 முதல் 4 வரை மதிப்பிட்டுச் சேர்க்கிறீர்களா? இன்னொன்று: மழை விட்டதும் பறவைகள் சட்டென்று இரை தேட வெளியே வந்து எண்ணிக்கை எகிறுமே, அந்த நடையைத் தனியாக வைப்பதா, மற்றதோடு சேர்ப்பதா?

உங்கள் படிவத்தின் தலைப்பு வரிசையைப் படமாகப் போட்டாலே போதும்.