புதுப்பிப்பு: ஆப்ட் ஒருவழியாக வாயை மூடியது

போன வாரம் இங்கே புலம்பியிருந்தேன்: உபுண்டு 22.04 லினக்ஸ் சர்வரில் ஆப்ட் (மென்பொருள் பொதிகளை நிறுவும் கருவி) வைத்து ராத்திரி ஓடவிட்ட ஸ்கிரிப்ட், கேள்விகளுக்கு ‘ஆம்’ என்று சொல்லும் ‘-ஒய்’ போட்டும், காலையில் போஸ்ட்ஃபிக்ஸ் மெயில் சர்வரின் ‘எந்த வகை மெயில் அமைப்பு?’ பெட்டியில் அப்படியே நிற்கிறது என்று.

‘-ஒய்’ ஆப்ட்டின் சொந்தக் கேள்விக்கு மட்டும்தான் பதில். அந்தப் பெட்டி, பொதிகளின் அமைப்புக் கேள்விகளைக் கேட்கும் டெப்கான்ஃப் என்ற கருவியின் வேலை. அதை அடக்க ‘டெபியன்_ஃபிரண்ட்எண்ட்’ மாறியை ‘நான்இன்டராக்டிவ்’ என்று வைக்கணும். வைத்துத்தான் இருந்தேன்! மேல் வரியில் எக்ஸ்போர்ட் (மாறியை அடுத்த கட்டளைகளுக்குக் கடத்துவது), கீழ் வரியில் சூடோ (நிர்வாகி உரிமையில் கட்டளையை ஓட்டுவது). சூடோ வழக்கமாகச் சூழல் மாறிகளைத் துடைத்துவிட்டுத்தான் உள்ளே போகும். மாறியை சூடோவுக்கும் ஆப்ட்-கெட் கட்டளைக்கும் நடுவில், அதே வரியில் எழுதினேன். பெட்டி வரவில்லை. இரண்டு ராத்திரி போனது இதற்குத்தான்.

போஸ்ட்ஃபிக்ஸுக்கு நம் பதில்தான் வேண்டும் என்றால், பதிலை டெப்கான்ஃபிடம் சேர்க்கும் கட்டளையான டெப்கான்ஃப்-செட்-செலக்‌ஷன்ஸில் முன்கூட்டியே ஊட்டிவிடலாம்.

இன்னொன்று. அப்கிரேடில், நாம் கைவைத்த என்ஜின்எக்ஸ் (வெப் சர்வர்) கான்ஃபிக் கோப்பை மாற்றவா என்று கேட்பது, ஆப்ட்டுக்கு அடியில் பொதிகளை நிறுவும் டிபிகேஜி; மேலே சொன்ன டெப்கான்ஃப் மாறியை அது மதிக்காது. ஆப்ட் வழியாக ‘ஃபோர்ஸ்-கான்ஃப்ஓல்டு’ கொடுத்தால் பழையதே தங்கும், புதியது ‘.டிபிகேஜி-டிஸ்ட்’ என்ற பெயரில் பக்கத்தில் கிடக்கும். எனக்கு நேற்று அப்படி மூன்று கோப்புகள் கிடைத்தன. இன்னும் டிஃப் (பழையதற்கும் புதியதற்கும் உள்ள வித்தியாசம்) பார்க்கவில்லை.