மர லூரில் (மீனைக் கவரும் பொய் இரையில்) வண்ணம் குமிழ்விட்டு வெடிக்கிறது. தவறு எந்த இடத்தில் நேர்கிறது?

வினா: சேரன்மகாதேவியிலிருந்து

அண்ணாச்சிமார் அனைவருக்கும் வணக்கம். ஓராண்டாக விரால் தூண்டிலுக்கென்று மர லூர்களை வீட்டிலேயே செதுக்கி வருகிறேன். அம்பாசமுத்திரத்தில் குழந்தைகள் விளையாடும் மரச் செப்புச் சாமான் கடையும் பட்டறை ஒன்றில், கடைசலுக்குப் போக எஞ்சிய மஞ்சள் கடம்புத் துண்டுகளை வாங்கிவந்து, 9 சென்டிமீட்டர் நீளத்தில் கெண்டைக் குஞ்சின் வடிவமாகச் செதுக்கி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, வெள்ளை எனாமல் அடிக்கிறேன். வெள்ளை காய்ந்த பிறகு உடலின் மேல் கொசுவலையை இழுத்துக் கட்டிப் பச்சையை ஸ்ப்ரே செய்து, வலையை மெல்ல உரித்தெடுத்தால் கண்ணி கண்ணியாகச் செதில் விழுந்திருக்கும். அந்த நேரத்து மகிழ்ச்சிக்காகவே இந்த வேலையை விடாமல் செய்கிறேன் என்று சொல்லலாம். சிக்கல் அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது.

முதல் லூருக்கு மேல்பூச்சாக, தச்சுவேலை செய்யும் நண்பர் கொடுத்த என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) கிளியர் என்ற நிறமற்ற பூச்சை அடித்தேன், சில நிமிடங்களில் எனாமல் முழுவதும் பால் ஆடைபோலச் சுருங்கி எழுந்துவிட்டது. இரண்டாவதற்கு இரண்டு பாகம் கலக்கும் எபாக்சிப் பிசினைப் பூசி, ஐப்பசி மழை விட்டு வெயில் காய்ந்த ஒரு நாளில், சீக்கிரம் இறுகட்டும் என்று காலை 10 மணிக்கு மொட்டை மாடியில் தொங்கவிட்டேன். பிற்பகலில் பார்த்தால் முதுகு நெடுகக் குண்டூசித் தலையளவு குமிழ்கள் இருந்தன. வால் பக்கம் விரல் வைத்தால் ஒட்டுகிறது. மூன்றாவது லூர் பார்வைக்குக் குறையில்லாமல் வந்தது. அதைக் குத்தகைக்காரரிடம் சொல்லிவிட்டு எங்கள் ஊர்க் குளத்தில் இரண்டு மணி நேரம் வீசினேன். கரைக்கு வந்து பார்த்தபோது, வயிற்றுப்புற முள்ளைத் தாங்கும் வளையத் திருகாணியின் அடியிலிருந்து வால்வரை ஒரே கோடாக வெடிப்பு ஓடியிருந்தது. நகத்தால் நெருடியதும் வண்ணம் செதில் செதிலாக உதிர்ந்தது. மேலும், மூன்று லூர்களுமே தண்ணீரில் நிமிர்ந்து நில்லாமல் பக்கவாட்டில் சாய்கின்றன. வண்ணத்தை மாற்ற வேண்டுமா, மரத்தை மாற்ற வேண்டுமா என்று தெளிவுபடுத்த வேண்டுகிறேன்.

பதில்: பாளையங்கோட்டையிலிருந்து, மரச்சாமான் பாலிஷ் வேலை

தம்பி, முதல் லூருக்கு நேர்ந்தது பூச்சுகளின் வரிசை மாறியதால் வந்த கேடு. என்.சி. பூச்சைக் கரைக்கும் தின்னர் வீரியமானது. எண்ணெய் வகையைச் சேர்ந்த எனாமலின் மேல் அது பட்டவுடன் கீழ்ப்படலத்தை ஊறவைத்துத் தூக்கிவிடும். மரத்துளைகளை அடைக்கும் அடிப்பூச்சான என்.சி. சான்டிங் சீலரை முதலில் அடித்து, அது நன்றாகக் காய்ந்தபின் எனாமல் அடித்தால் தொந்தரவு இல்லை. தலைகீழாகச் செய்தால் சுருக்கம் விழும். நீங்கள் கூறுவதிலிருந்து, வெறும் மரத்தின் மேல் சீலர் எதுவுமின்றி நேரே வெள்ளையை அடித்திருக்கிறீர்கள் என்று தெரிகிறது. மரத்தின் துளைகளை அடைக்காமல் மேலே எத்தனை விலையுயர்ந்த பூச்சைப் போட்டாலும் அது நிற்காது.

எபாக்சியில் குமிழ் வந்ததற்குக் காரணம் நீங்கள் வைத்த நேரம். மரத்தின் நுண்துளைகளில் காற்று இருக்கிறது. வெயில் ஏற ஏற மரம் சூடாகி, உள்ளிருக்கும் காற்று விரிந்து, இறுகாத பூச்சைத் துளைத்துக்கொண்டு வெளியே வருகிறது. அதே பூச்சை மாலை 5 மணிக்குமேல், வெயில் இறங்கும் வேளையில், வீட்டுக்குள் வைத்துப் பூசினால் மரம் குளிரக் குளிரக் காற்று உள்வாங்குமே தவிர வெளியே தள்ளாது. கதவு, நிலை வேலைகளில் நாங்கள் கடைப்பிடிக்கும் முறையும் இதுதான்.

ஒட்டும் பிசுபிசுப்புக்குக் கண்ணளவாகக் கலந்ததே காரணமாக இருக்கும். ஊசி போடும் சிரிஞ்சு இரண்டு வாங்கி, பாகத்துக்கு ஒன்றாக அளந்து ஊற்றி, கிண்ணத்தின் அடியையும் ஓரத்தையும் வழித்து வழித்து மூன்று நிமிடமாவது கலக்குங்கள். ஒட்டும் பகுதி தானாகக் காயுமென்று காத்திருப்பதில் பயனில்லை; அதைச் சுரண்டியெடுத்து, ஸ்பிரிட் தொட்ட துணியால் துடைத்து, உப்புத்தாள் போட்டு மறுபடியும் பூச வேண்டும்.

பதில்: அம்பாசமுத்திரத்திலிருந்து, கடைசல் தொழில்

எங்கள் மரத்தை வாங்கியிருப்பதாகச் சொன்னதால் எழுதுகிறேன். மஞ்சள் கடம்பு நெருக்கமான ரேகை உடைய மரம். கடைசலில் வழவழப்பாக வரும் என்பதற்காகவே செப்புச் சாமானுக்கு அதைத் தேடினார்கள். மிதக்க வேண்டிய பொருளுக்கு அது கனம். நீங்கள் செதுக்கும் அளவுள்ள உடல் சுமார் 17 கிராம் நீரை விலக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். கடம்பில் செய்தால் மரமே ஏறத்தாழ 11 கிராம் இருக்கும். அதே உடலைக் கல்யாண முருங்கையில் செய்தால் 5 கிராம்தான் வரும். மீதியை மீன்பிடிக்கிறவர்கள் விளக்குவார்கள்.

அரக்கு பூசலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள் என நினைக்கிறேன், ஏனென்றால் பட்டறைக்கு வரும் இளைஞர்கள் பலர் கேட்கிறார்கள். சுழலும் மரத்தில் அரக்குக் குச்சியை அழுத்தினால் உராய்வுச் சூட்டில் உருகிப் படிந்து கண்ணாடிபோல மின்னும். ஆனால் உருண்டையாகச் சுழலும் பொருளுக்கே அது பொருந்தும். மீன் வடிவத்துக்கு வராது. அதோடு நெடுநேரம் தண்ணீரில் கிடந்தால் அரக்கு வெளுத்துவிடும். என் தொழில் பொருள் என்பதற்காக அதை உங்களுக்குப் பரிந்துரைக்க மனம் வரவில்லை.

பதில்: ஸ்ரீவைகுண்டத்திலிருந்து, தூண்டில்காரர்

மேலே இருவரும் சொன்னது சரி. ஆனால் மூன்றாவது லூரின் வெடிப்பைப் பற்றி யாரும் சொல்லவில்லை, முக்கியமானது அதுதான். வெடிப்பு எங்கே தொடங்கியது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்: வளையத் திருகாணியின் அடியில். பூச்சு வேலை முழுவதும் முடிந்தபின் துளையிட்டுத் திருகாணியை ஏற்றியிருப்பீர்கள். அந்தத் துளைக்குள் பூச்சும் இல்லை, சீலரும் இல்லை. விரால் ஒருமுறை இழுத்தாலே திருகாணி மயிரிழை அசையும். அந்த இடைவெளியில் தண்ணீர் நுழைந்து மரம் ஊறும். மரம் ஊறினால் நீளவாக்கில் ஏறக்குறைய மாறாது, குறுக்கேதான் பருக்கும். ஆகவே மேலே இறுகிக் கிடக்கும் வண்ணம் ரேகையின் போக்கிலேயே கிழிகிறது. உங்கள் வண்ணத்தின் மேல் எந்தக் குற்றமும் இல்லை.

பின்லாந்து நாட்டில் லாரி ரபாலா என்ற மீனவர் 1936-இல் செய்த முதல் லூரின் உடல் கார்க்கால் ஆனது. மினுக்குக்குச் சாக்லேட் சுற்றிய தாளையும், நீர் புகாமலிருக்கப் புகைப்பட நெகட்டிவை உருக்கிய பூச்சையும் அவர் பயன்படுத்தினார். இலேசான உடல், நீர் புகாத தோல் என்ற இரண்டையும் அன்றே அவர் பிடித்துவிட்டார். நமக்கு அந்த நெகட்டிவ் தேவையில்லை. சீலரும் எபாக்சியும் போதும்.

நான் செய்யும் முறையைச் சொல்கிறேன். செதுக்கி முடித்ததும், சீலர் அடிப்பதற்கு முன்பே எல்லாத் துளைகளையும் போட்டுவிடுவேன். கல்யாண முருங்கை மென்மையான மரமாதலால் திருகாணியைப் பிடித்து வைக்காது. எனவே வயிற்றில் ரம்பத்தால் ஒரு வாய் அறுத்து, மூக்கிலிருந்து வால்வரை துருப்பிடிக்காத எஃகுக் கம்பி ஒன்றை, வயிற்றுப்புறம் ஒரு வளையம் விட்டு, உள்ளே படுக்க வைப்பேன். மரமே பிளந்தாலும் மீன் கம்பியில் நிற்கும். அதன்பின் அந்த வாயை மூடுவதற்கு முன், எடையைப் பார்த்துவிட வேண்டும். முட்களையும், மூக்கின் கீழ் நீட்டிநிற்கும் லிப் தகட்டையும் ரப்பர் வளையத்தால் உடலோடு கட்டி, வலைக்குக் கட்டும் ஈயக்குண்டுகளை வயிற்றடியில் வைத்துச் சுற்றி, தண்ணீர்த் தொட்டியில் விடுங்கள். ஈயத்தை முன்னும் பின்னும் நகர்த்த நகர்த்த அது நிமிர்வதும் மூக்குத் தாழ்வதும் தெரியும். கடம்பு உடலில், விலகும் 17 கிராம் நீருக்கு 11 கிராம் மரமும் முள், வளையம், தகடு என்று 4 கிராமும் போக, மூழ்காமல் சேர்க்க 2 கிராம்தான் மிஞ்சுகிறது. அந்த ஈயம் கனத்த உடலை நிமிர்த்தப் போதாது. முருங்கை உடலிலோ 5, 6 கிராம் ஈயத்தை வயிற்றடியில் வைத்தாலும் மிதக்கும். சாய்வுக்குக் காரணம் இதுதான். ஈயத்தை உருக்கி வார்க்க நினைத்தால் வீட்டு அடுப்பில் செய்யாதீர்கள், அதன் புகை நஞ்சு.

இடம் உறுதியானதும் ஈயத்தைப் பதித்து, மரத்தூள் கலந்த எபாக்சியால் வாயை அடைத்து, தேய்த்து, சீலர் இரண்டு கை, வண்ணம், இறுதியில் எபாக்சி. பூசிய பின் லூர் சுற்றிக்கொண்டே இருந்தால்தான் வயிற்றில் சொட்டு தேங்காது. பழைய மைக்ரோவேவ் அடுப்பில் தட்டைச் சுழற்றும் சிறு மோட்டாரை நான் அதற்கு வைத்திருக்கிறேன்.

இன்னொன்று. குஞ்சுக் கூட்டத்தோடு திரியும் விராலின் முன் லூரை வீசாதீர்கள். தாயும் தகப்பனும் காவல் நிற்கும் நேரம் அது. பசி இல்லாமலேயே சீறி வந்து கவ்வும். அதைத் தூக்கினால் குஞ்சு அத்தனையும் போய்விடும்.

வினவியவர் மீண்டும்: சேரன்மகாதேவியிலிருந்து

ஸ்ரீவைகுண்டம் அண்ணாச்சி, நீங்கள் ஊகித்தது உண்மை. திருகாணிகளை எல்லாம் முடிந்த பிறகே ஏற்றினேன். ஓர் ஐயம்: வெடித்த கடம்பு லூரைக் காயவைத்து மறுபடி பூசினால் பிழைக்குமா?

பதில்: ஸ்ரீவைகுண்டத்திலிருந்து

காயவைத்துப் பயனுண்டா என்பதை எடை சொல்லும். நகை நிறுக்கும் சிறிய மின்னணுத் தராசில் இன்று நிறுத்து, நிழலில் வைத்து, நாள்தோறும் நிறுத்துக் குறித்து வாருங்கள். எடை இறங்குவது நின்ற பிறகு வண்ணத்தை முழுவதும் சுரண்டிவிட்டுத் தொடங்கலாம். அதற்கு முன் பூசினால் ஈரத்தை உள்ளே வைத்து மூடியதாகும். புதிதாகச் செய்வதையும் குளத்துக்குக் கொண்டுபோகும் முன் ஓரிரவு வாளித் தண்ணீரில் அமிழ்த்திவைத்து, முன்னும் பின்னும் நிறுத்துப் பாருங்கள்.

வினவியவர்: மூன்று வாரத்துக்குப் பின்

கல்யாண முருங்கைக் கிளை ஒன்று பக்கத்து வேலியிலேயே கிடைத்தது. நீங்கள் சொன்ன வரிசைப்படி கம்பி வைத்து, தொட்டியில் ஈயத்தை நகர்த்திப் பார்த்ததில், தொண்டைக்குச் சற்றுப் பின்னால் 4.5 கிராம் வைத்தபோது உடல் நிமிர்ந்து, முதுகு மட்டும் நீர்மட்டத்துக்கு மேல் தெரிந்தது. எபாக்சியை மாலை 6 மணிக்குப் பூசினேன். ஒரு குமிழ்கூட இல்லை. ஓரிரவு வாளியில் கல் கட்டி அமிழ்த்தியதில் முன்பு 14.1 கிராம், பின்பும் 14.1 கிராம். வெடித்த கடம்பு லூர், முதல் நாள் நிறுத்ததைவிட இதுவரை 0.8 கிராம் இறங்கியிருக்கிறது; இன்னும் இறங்கிக்கொண்டிருப்பதால் அதைத் தொடவில்லை.

குளத்தில் புதியதை இழுத்தபோது இடப்பக்கம் சற்றே ஓடியது. மூக்கு வளையத்தைக் குறட்டால் மயிரளவு வலப்பக்கம் வளைத்ததும் நேராக வந்தது. தாமரை இலை ஓரத்தில் நான்காவது வீச்சில் கவ்விய விரால் முக்கால் கிலோ இருந்தது. கவ்விய இடத்தில் பல் பட்ட கீறல்கள் எபாக்சியோடு நின்றுவிட்டன, பச்சை வண்ணம் வரை போகவில்லை.