வாட்ஸ்ஆப்பில் நாங்கள் வைத்த ஏஐ ‘தூய பட்டு’ என்று சொல்லிவிட்டது. வாடிக்கையாளர் நோட்டீஸ் அனுப்பியிருக்கிறார், உதவி தேவை

தறிக்காரன் மகன்:
வணக்கம். சேலம் மாவட்டம் இளம்பிள்ளையில் சேலை வியாபாரம் செய்கிறேன். அப்பா காலத்தில் தறி ஓட்டினோம். இப்போது நானும் மனைவியும் இணையத்தில் விற்கிறோம். மாதம் முந்நூறு பார்சல் போகும். இரவு பதினொரு மணிக்குக்கூட “இந்த நிறம் இருக்கிறதா?” என்று கேள்வி வந்துகொண்டே இருந்ததால், நான்கு மாதங்களுக்கு முன் வாட்ஸ்ஆப்பில் ஒரு ஏஐ சாட்பாட் பொருத்தினோம். அதுவே பதில் சொல்லி ஆர்டரும் எடுத்துவிடும். நிம்மதியாக இருந்தோம், போன வாரம் வரை.

நாகர்கோவிலில் இருந்து ஓர் அம்மா 2,350 ரூபாய்க்கு ‘சாஃப்ட் சில்க்’ சேலை வாங்கினார். வாங்குமுன் “இது தூய பட்டா?” என்று கேட்டிருக்கிறார். “ஆம், தூய பட்டு. பிடிக்காவிட்டால் 15 நாட்களுக்குள் முழுப் பணமும் திருப்பித் தரப்படும்” என்று பாட் பதில் சொல்லியிருக்கிறது. எங்கள் விதியோ 3 நாட்களுக்குள் மாற்றித் தருவது மட்டும்தான், அதுவும் பார்சல் பிரிக்கும் வீடியோ இருந்தால். பணம் திருப்பித் தருவதே கிடையாது. அவர் முந்தானைக் குஞ்சத்தில் ஒரு நூலை எடுத்துக் கொளுத்திப் பார்த்திருக்கிறார். உருகி உருண்டையாக நின்றதாம். பட்டு அப்படி உருகாது, செயற்கை நூல்தான் உருகும். பத்தாவது நாளே பணத்தைத் திருப்பிக் கேட்டார், நாங்கள் எங்கள் விதியைக் காட்டி மறுத்துவிட்டோம். இப்போது வக்கீல் நோட்டீஸ் வந்திருக்கிறது: சேலை விலையும் மன உளைச்சலுக்கு 25,000 ரூபாயும், 15 நாள் அவகாசம்.

அந்தப் பதிலை நானோ மனைவியோ எழுதவில்லை, இயந்திரம் எழுதியது. பாட் நிறுவனத்தைக் கேட்டால், கட்டிய சந்தாவுக்கு மேல் பொறுப்பேற்க மாட்டோம் என்று ஒப்பந்தத்தில் இருப்பதைக் காட்டுகிறார்கள். பதில் நோட்டீஸையும் ஏஐயிடமே எழுதி வாங்கி வைத்திருக்கிறேன். உச்ச நீதிமன்றத் தீர்ப்பெல்லாம் சேர்த்து நன்றாகவே எழுதியிருக்கிறது. அனுப்பலாமா?

உள்ளதைச் சொல்வேன்:
முதலில் அந்த உரையாடலை உங்கள் பக்கத்தில் அழித்துவிடுங்கள். வெறும் ஸ்கிரீன்ஷாட்டை வைத்துக்கொண்டு என்ன செய்துவிடுவார்?

நீதிமன்ற வாசல்:
மேலே சொன்னதைத் தயவுசெய்து செய்யாதீர்கள். அவரிடம் அசல் உரையாடல் அவர் போனிலேயே இருக்கிறது. புதிய சாட்சியச் சட்டம் 63ஆம் பிரிவின்படி சான்றிதழோடு அவர் அதைத் தாக்கல் செய்யலாம். நோட்டீஸ் வந்த பிறகு நீங்கள் அழித்தது தெரிந்தால், பாட்டின் பிழையாக இருந்தது உங்கள் நேர்மையின் பிழையாகிவிடும்.

இயந்திரம் எழுதியது என்ற வாதம் நிற்காது, தம்பி. தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000, பிரிவு 11 பாருங்கள். ஒருவர் சார்பில் தானாக இயங்கும்படி அமைக்கப்பட்ட கணினி அனுப்பும் மின்பதிவு, அவரே அனுப்பியதாகவே கொள்ளப்படும். ஏஐ என்ற பேச்சே இல்லாத காலத்துச் சட்டம், ஆனால் உங்கள் கடைக்கென்றே எழுதியது போல இருக்கிறது.

கனடாவில் இதே கதை நடந்திருக்கிறது. துக்கக் காரியத்துக்குப் போகிறவர்களுக்கான சலுகைக் கட்டணத்தைப் பயணம் முடிந்த பிறகும் கேட்டுப் பெறலாம் என்று ஏர் கனடாவின் சாட்பாட் ஒரு பயணியிடம் தவறாகச் சொன்னது. பாட் தன் செயலுக்குத் தானே பொறுப்பான தனி அமைப்பு என்கிற அளவுக்கு நிறுவனம் வாதாடிப் பார்த்தது. சரியான விதி தளத்தின் இன்னொரு பக்கத்தில் இருந்ததே என்றும் சொன்னது. 2024 பிப்ரவரியில் பிரிட்டிஷ் கொலம்பியா தீர்ப்பாயம் இரண்டையும் ஏற்கவில்லை. ஒரு தளத்தின் ஒரு பகுதியை இன்னொரு பகுதியோடு ஒப்பிட்டுச் சரிபார்க்க வேண்டியது வாடிக்கையாளரின் வேலையா என்பதுதான் அதன் கேள்வி. வட்டி, கட்டணம் எல்லாம் சேர்த்து சுமார் 812 கனடிய டாலர் கொடுக்க உத்தரவானது. இங்கே அது நம்மைக் கட்டுப்படுத்தாது. ஆனால் அவருடைய வக்கீல் அதைப் படித்திருப்பார்.

ஏஐ எழுதிய பதில் நோட்டீஸை அனுப்பாதீர்கள். அதிலுள்ள தீர்ப்பின் பெயரையும் ஆண்டையும் மட்டும் இங்கே போடுங்கள்.

தறிக்காரன் மகன்:
போட்டிருக்கிறேன் ஐயா, தனிச் செய்தியில்.

நீதிமன்ற வாசல்:
தேடிப் பார்த்தேன். அப்படி ஒரு தீர்ப்பே இல்லை. வெட்கப்பட வேண்டாம். 2024 டிசம்பரில் பெங்களூரு வருமான வரி மேல்முறையீட்டுத் தீர்ப்பாயமே இல்லாத தீர்ப்புகளைக் காட்டி ஓர் உத்தரவு போட்டுவிட்டுப் பிறகு திரும்பப் பெற்றது.

நிரல்முடிச்சு:
நான் கடைகளுக்கு பாட் அமைத்துக் கொடுப்பவன். இரண்டு கேள்விகள். ரிட்டர்ன் விதியை பாட்டுக்கு எந்த வடிவில் கொடுத்தீர்கள்? பொருள் பட்டியலில் துணி வகை என்ற கட்டத்தில் என்ன எழுதியிருக்கிறது?

தறிக்காரன் மகன்:
விதி, மனைவி வடிவமைத்த அழகான போஸ்டர் படம். துணி வகைக் கட்டம் காலி. பெயரிலேயே சாஃப்ட் சில்க் என்று இருக்கிறதே என்று விட்டுவிட்டோம்.

நிரல்முடிச்சு:
கோளாறு அங்கேதான். உங்கள் பாட் எழுத்தாக இருப்பதை மட்டும் படிக்கும் வகையாக இருக்க வேண்டும், போஸ்டரைப் படித்திருக்காது. விதி கிடைக்காதபோது, மற்ற கடைகளில் வழக்கமாக இருப்பதை உங்களுடையது போலச் சொல்லிவிட்டது. ‘சாஃப்ட் சில்க்’ என்பது செயற்கை நூல் சேலைக்கு நம் ஊர் வைத்த வியாபாரப் பெயர் என்று இளம்பிள்ளையில் குழந்தைக்கும் தெரியும். அதற்கு எப்படித் தெரியும்? சில்க் என்றால் பட்டு. தெரியாது என்று சொல்ல அதற்கு யாரும் கற்றுக்கொடுக்கவில்லை.

உடனே பாட்டை நிறுத்திவிட்டு, நான்கு மாத உரையாடல்களையும் இறக்கி ‘பட்டு’, ‘திருப்பி’, ‘சான்று’ என்ற சொற்களைத் தேடுங்கள். இந்த அம்மா ஒருவரிடம் மட்டும் அது இப்படிச் சொல்லியிருக்கும் என்று நான் நம்பவில்லை.

கொசுவம்:
தேடும் வேலையையும் இன்னொரு ஏஐயிடம் கொடுத்துவிடாதீர்கள். நான் ஒருமுறை அப்படியே மொத்தத்தையும் ஏற்றிவிட்டேன், பிறகுதான் உறைத்தது. அதில் பெயர், போன் எண், வீட்டு முகவரி எல்லாம் இருந்தன.

நீதிமன்ற வாசல்:
சரியான எச்சரிக்கை. மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023இல் நிறைவேறியது. விதிகள் 2025 நவம்பரில் வந்தன. முக்கியமான கடமைகளுக்குப் பதினெட்டு மாத அவகாசம் தந்திருக்கிறார்கள். தரவைப் பாதுகாக்கத் தவறினால் உச்சவரம்பு 250 கோடி ரூபாய். சேலைக் கடைக்கு அவ்வளவு போட மாட்டார்கள். ஆனாலும் சிறிய கடை என்பதற்காகச் சட்டம் முழுவதிலிருந்தும் விலக்கு கிடைத்துவிடாது.

தறிக்காரன் மகன்:
இரண்டு இரவுகள் உட்கார்ந்து கையாலேயே தேடினோம். ‘தூய பட்டு’ என்று பதினொரு பேரிடம் சொல்லியிருக்கிறது. அதில் ஒருவரிடம் ‘சில்க் மார்க் சான்று உண்டு’ என்றும் சொல்லியிருக்கிறது. படித்ததும் கை நடுங்கிவிட்டது.

நீதிமன்ற வாசல்:
நடுங்க வேண்டிய இடம் அதுதான். சில்க் மார்க் என்பது மத்தியப் பட்டு வாரியம் தொடங்கிய அமைப்பின் பதிவு பெற்ற முத்திரை. அனுமதி பெற்ற கடைகள் மட்டுமே பயன்படுத்தலாம். அங்கே வணிகமுத்திரைச் சிக்கலும் சேர்கிறது. அந்த வாடிக்கையாளரை இன்றே போனில் அழையுங்கள்.

மற்றதற்கு வருகிறேன். 15 நாள் வாக்குறுதியை ஒரு பக்கம் வையுங்கள். அது இல்லாவிட்டாலும் நீங்கள் தோற்பீர்கள். தரத்தைத் தவறாகச் சொல்லி விற்பது நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019இன்படி நேர்மையற்ற வணிக முறை. சொன்ன தன்மை இல்லாத பொருளைத் திரும்ப வாங்க மறுக்கக் கூடாது என்று 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளும் சொல்கின்றன. பணம் திருப்பித் தர மாட்டோம் என்ற உங்கள் போஸ்டர் இதன்முன் நிற்காது. அவர் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். 5 லட்சம் வரையிலான பொருளுக்குக் கட்டணமும் இல்லை. நீங்கள் இளம்பிள்ளையிலிருந்து நாகர்கோவிலுக்கு இரண்டு முறை போய் வரும் செலவில் சேலை விலை கரைந்துவிடும்.

உங்கள் தளத்தில் உள்ள பொருள் விளக்கங்களையும் ஏஐதான் எழுதியதா?

தறிக்காரன் மகன்:
ஆமாம். நாற்பது விளக்கங்களில் ‘பாரம்பரியப் பட்டு நெசவு’ என்று இருக்கிறது. எல்லாம் பவர்லூம் பாலியஸ்டர்.

நீதிமன்ற வாசல்:
ஒருவரோடு நடந்த உரையாடலை விட அது மோசம். ஊருக்கே காட்டுவது விளம்பரம். தவறான விளம்பரத்துக்கு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் போடலாம். இன்றைக்கே மாற்றுங்கள். பழையதன் நகலை எடுத்து வைத்துக்கொண்டு மாற்றுங்கள்.

உள்ளதைச் சொல்வேன்:
ஊரில் எல்லாரும் சாஃப்ட் சில்க் என்றுதானே விற்கிறார்கள்? இவர் மட்டும் ‘பாலியஸ்டர்’ என்று எழுதினால் யார் வாங்குவார்?

கொசுவம்:
நான் அப்படித்தான் எழுதுகிறேன். ‘சாஃப்ட் சில்க் ரகம், பாலியஸ்டர் நூல்’ என்று. முதல் மாதம் கொஞ்சம் குறைந்தது, பிறகு பழையபடி போகிறது. 2,000 ரூபாய் சேலையை வாங்குகிறவர் பெரும்பாலும் நிறத்தையும் கரையையும் பார்த்துத்தான் வாங்குகிறார். கொளுத்திப் பார்க்கிறவர்கள் குறைவு. உங்களுக்கு அமைந்துவிட்டார், அண்ணா.

பதினொரு பேருக்கும் நீங்களே முந்திக்கொண்டு எழுதிவிடுங்கள். ‘தவறான தகவல் தந்துவிட்டோம், திருப்பி அனுப்பினால் கூரியர் செலவும் எங்களுடையது’ என்று இரண்டே வரி. ஏஐயை இழுக்காதீர்கள், படிக்கிறவருக்குக் கோபம்தான் வரும்.

தறிக்காரன் மகன்:
பத்து நாள் கழித்து வருகிறேன். நாகர்கோவில் அம்மாவை மனைவி அழைத்துப் பேசினாள். சேலையைத் திரும்ப எடுத்துக்கொண்டு 2,350 ரூபாயும், வக்கீல் செலவுக்கென 3,000 ரூபாயும் அனுப்பிவிட்டோம். ஏற்றுக்கொண்டார். மகள் நிச்சயதார்த்தத்துக்கு என்று எடுத்திருந்தாராம். அதைக் கேட்டபோதுதான் எனக்கு அந்த 25,000 ரூபாய் மேல் இருந்த கோபம் போனது. மீதிப் பத்துப் பேரில் நால்வர் திருப்பி அனுப்பினார்கள், ஐவர் வைத்துக்கொள்கிறோம் என்றார்கள், ஒருவரிடமிருந்து பதில் இல்லை. சில்க் மார்க் என்று சொல்லப்பட்டவர் திருப்பி அனுப்பியவர்களில் ஒருவர்.

பாட் இப்போது இருப்பு, நிறம், பார்சல் எங்கே இருக்கிறது என்பதை மட்டும் சொல்லும். துணி, பணம் என்று கேட்டால் ‘காலை பத்து மணிக்குக் கடைக்காரர் பேசுவார்’ என்று நிறுத்திவிடும். நிரல்முடிச்சு அண்ணாதான் மாற்றிக் கொடுத்தார்.

நீதிமன்ற வாசல்:
நல்லது. அந்த அம்மாவிடம் ‘என் கோரிக்கை முழுமையாகத் தீர்ந்தது, நோட்டீஸைத் திரும்பப் பெறுகிறேன்’ என்று எழுத்தில் வாங்கினீர்களா?

தறிக்காரன் மகன்:
இல்லை ஐயா, போனில்தான் சொன்னார்.

நீதிமன்ற வாசல்:
அவருடைய வக்கீல் வழியாக இன்றே கேளுங்கள். வாசகத்தைத் தனிச் செய்தியில் அனுப்புகிறேன்.