பார்லர்ல போட்டாக்ஸ் போட்டுக்கலாமா? பொண்ணு கல்யாணத்துக்கு மூணு வாரம்தான் இருக்கு

கோமதி_மதுரை
எல்லாருக்கும் வணக்கம். எனக்கு 51 வயசு, புருவத்துக்கு நடுவுல ரெண்டு கோடு ஆழமா விழுந்திருக்கு, சும்மா உக்காந்திருந்தாலே "ஏன் கோவமா இருக்கீங்க"ன்னு கேக்கறாங்க. நான் எப்பவும் போற பார்லர்ல ஞாயித்துக்கிழமை ஒருத்தங்க வந்து போட்டாக்ஸ் (தசையை தளர்த்தி கோட்டை மறைக்கற ஊசி) போடறாங்களாம், நாலு பேர் சேர்ந்தா ரேட் கம்மி, வாய் ஓரத்து கோட்டுக்கு ஃபில்லரும் போடுவாங்களாம். எட்டிப் பாத்தேன், ஐஸ் பெட்டிக்குள்ள ஏற்கனவே மருந்து ஏத்தின சிரிஞ்சு நாலஞ்சு கிடந்துச்சு, மேல பேர் எதுவும் ஒட்டல. கேட்டா "எல்லாம் ஒரே மருந்துதான்க்கா"ன்னாங்க. எனக்கு ஆஸ்பிரின் வேற ஓடுது. போட்டுக்கலாமா?

பழைய_நர்ஸ்
அக்கா, கெஞ்சி கேக்கறேன், அங்க போடாதீங்க. ஸ்கின் கிளினிக்ல ஒம்பது வருஷம் வேலை பாத்தவ நான். இந்த மருந்து பவுடரா சின்ன கண்ணாடி பாட்டில்ல வரும், தூக்கிப் பாத்தா காலி பாட்டிலோன்னு தோணும், அடியில லேசா வெள்ளையா படிஞ்சிருக்கும் அவ்ளோதான். 2லேருந்து 8 டிகிரிக்குள்ள ஃபிரிட்ஜ்ல இருக்கணும், போடறதுக்கு முன்னாடிதான் சலைன் விட்டு கலக்கணும். எங்க டாக்டர் பேஷண்ட் கண்ணு முன்னாடியே சீல் உடைப்பாங்க, பேட்ச் நம்பரும் எக்ஸ்பயரியும் ஃபைல்ல எழுதுவாங்க. பேர் இல்லாத சிரிஞ்சுல என்ன மருந்து, எவ்ளோ சலைன் விட்டாங்க, எப்ப கலக்குனாங்க, யாருக்கு தெரியும்?

அதோட "ஒரே மருந்து" கிடையவே கிடையாது. நீங்க சொல்ற அந்த ரெண்டு கோட்டுக்கு போட்டாக்ஸ்னா 20 யூனிட், அஞ்சு எடத்துல பிரிச்சு போடணும், டிஸ்போர்ட்னா (வேற கம்பெனியோட இதே மாதிரி மருந்து) அதே எடத்துக்கு 50 யூனிட். ஒரு கம்பெனி யூனிட்டை வச்சு இன்னொரு கம்பெனிக்கு கணக்கு போட முடியாது, இதுகூட தெரியாதவங்க கைல முகத்தை குடுக்கறதா?

ஃபில்லர் இன்னும் பயம். அது ஜெல்லு, ரத்தக் குழாய்க்குள்ள போயிட்டா அந்த எடம் வெளுத்துப் போய் வலிக்கும், தோல் அழுகும், கண் பார்வையே போனவங்க இருக்காங்க. ஹயலூரானிக் ஆசிட்ங்கற வகை ஃபில்லர்னா அதை கரைக்கற ஊசி பக்கத்துலயே இருக்கணும், பார்லர்ல இருக்குமா?

ஆஸ்பிரினால ஊசி போட்ட எடம் கன்னிப்போகும், ஆனா உங்க டாக்டரை கேக்காம நீங்களா நிறுத்திடாதீங்க.

வாசல்கோலம்
நான் பட்டவ, அதனால சொல்றேன். வீடு கிரகப்பிரவேசத்துக்கு ரெண்டு வாரம் முன்னாடி ஒரு எடத்துல போட்டேன் (பேர் வேணாம்), அன்னிக்கு சாயங்காலமே தலைவலின்னு நெத்தியை நல்லா அழுத்தி தேய்ச்சு விட்டேன், தேய்க்கக் கூடாதுன்னு ஒருத்தரும் சொல்லல. அஞ்சாம் நாள் காலைல கோலம் போட குனியறேன், இடது கண்ணு இமை பாதிக்கு இறங்கி நிக்குது, விரலால தூக்கிப் புடிச்சுக்கிட்டுதான் புள்ளி வச்சேன். தேய்ச்சதாலயா தப்பான எடத்துல குத்துனதாலயா இன்னிக்கு வரைக்கும் தெரியல. இதுக்கு மாத்து ஊசி கிடையாதாம், ஸ்கின் டாக்டர் ஒரு சொட்டு மருந்து குடுத்தாங்க, கொஞ்சம் தூக்கிச்சு, முழுசா சரியாக ஒரு மாசத்துக்கு மேல ஆச்சு. ஃபோட்டோ எல்லாத்துலயும் ஒரு கண்ணு தூங்குது. மருந்து வேலை செய்ய மூணு நாலு நாள், முழுசா தெரிய ரெண்டு வாரம், ஏதாவது கோளாறுன்னா சரி பண்ண உங்களுக்கு நாளே இல்லம்மா. முதல் தடவையை கல்யாணத்துக்கு முன்னாடி வச்சுக்காதீங்க.

நியூஜெர்சி_அண்ணி
இங்க அமெரிக்காவுல 2024ல போலி போட்டாக்ஸ் பெரிய விஷயமாச்சு. அந்த ஏப்ரல் மாச கணக்குப்படி 11 மாநிலத்துல 22 பேருக்கு பாதிப்பு ஆச்சு, அதுல 11 பேர் ஆஸ்பத்திரில அட்மிட். லைசென்ஸ் இல்லாதவங்ககிட்டயும், வீட்டுலயும் ஸ்பாவுலயும் வச்சு போட்டுக்கிட்டவங்கதான் நிறைய. யாராவது ஏற்கனவே போட்டிருந்தா, பார்வை ரெண்டு ரெண்டா தெரியறது, முழுங்க கஷ்டம், பேச்சு குழறுறது, மூச்சு திணறல் இதுல எது வந்தாலும் உடனே எமர்ஜென்சிக்கு போங்க. அன்னிக்கேதான் வரணும்னு இல்ல, சில வாரம் கழிச்சும் வரலாம்.

கோமதி_மதுரை
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. பார்லர்ல போடறவங்ககிட்ட மெடிக்கல் கவுன்சில் ரிஜிஸ்டர் நம்பர் கேட்டேன், "அதெல்லாம் எதுக்கு"ன்னு ஃபோனை வச்சிட்டாங்க. நேத்து ஸ்கின் டாக்டரை போய் பாத்தேன். ஊசி பத்தி பேசறதுக்கு முன்னாடியே தசை பலவீன நோய் ஏதாவது இருக்கா, இப்ப ஆன்டிபயாட்டிக் ஊசி ஏதாவது போடறீங்களான்னுதான் கேட்டாங்க. கல்யாணம் முடிஞ்சு வாங்க, மூணு நாலு மாசம்தான் நிக்கும், அதையும் யோசிச்சுக்கோங்கன்னாங்க. கூட சேர்றதா இருந்த மூணு பேருக்கும் இந்த பேச்சை அப்படியே அனுப்பிட்டேன், ஒருத்தங்க மட்டும் அட்வான்ஸ் குடுத்திருக்காங்க, திருப்பி வாங்க நாளைக்கு நானும் கூட போறேன்.