புதுப்பிப்பு: ஹாஸ் விண்ணப்பத்துக்குப் பதில் வந்துவிட்டது

கலிஃபோர்னியாவில் சமுதாயக் கல்லூரியில் இரண்டு வருடம் படித்துவிட்டு, பெர்க்லியின் ஹாஸ் வணிகப் பள்ளியில் மூன்றாம் ஆண்டில் சேர முடியுமா என்று முன்பு கேட்டிருந்தேன். ஏப்ரல் கடைசியில் பதில் வந்தது. இடம் கிடைத்துவிட்டது!

"பெர்க்லிக்கு டேக் போடு" என்று சிலர் சொன்னீர்கள். அது நடக்காது. டேக் என்ற சேர்க்கை உத்தரவாதத்தைக் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் ஆறு வளாகங்கள்தான் தருகின்றன; பெர்க்லி, லாஸ் ஏஞ்சலஸ், சான் டியேகோ மூன்றிலும் கிடையாது. அதனால் அந்த ஆறில் ஒன்றான டேவிஸ் வளாகத்தில் பொருளாதாரப் படிப்புக்குச் செப்டம்பரிலேயே டேக் போட்டுவைத்தேன். அது கையில் இருந்ததால்தான் தூக்கம் வந்தது.

உண்மையில் படுத்தி எடுத்தது முன்தேவைப் பாடங்கள், அதாவது ஹாஸில் சேரும் முன்பே முடித்திருக்க வேண்டிய பாடங்கள். கால்குலஸ், புள்ளியியல், பொருளாதாரம், ஆங்கிலம் என்று வரிசையாக இருக்கும். உங்கள் கல்லூரியின் எந்தப் பாடம் பெர்க்லியின் எந்தப் பாடத்துக்கு ஈடு என்பதை அசிஸ்ட் (assist.org) தளத்தில் பார்த்து எடுங்கள். ஆலோசகர் சொன்னாலும் சரி, நீங்களும் ஒருமுறை பாருங்கள். எல்லாம் வசந்தப் பருவத்துக்குள் முடிய வேண்டும். கோடையில் பார்த்துக்கொள்ளலாம் என்பது இங்கே எடுபடாது.

அப்புறம், ஜனவரியில் இலையுதிர் பருவ மதிப்பெண்களைப் புதுப்பிக்கச் சொல்வார்கள், விட்டுவிடாதீர்கள். ஜூன் 1-க்குள் சம்மதம் சொல்ல வேண்டும், சொல்லிவிட்டேன். அடுத்தது வீடு தேடுவது. பெர்க்லி வாடகை தனிப் புலம்பல்.