இரத்தமா குருதியா: திங்கட்கிழமைக்குள் ஒரு சொல் வேண்டும்

அனைவருக்கும் வணக்கம்.

செவிலியர் பாடநூல் ஒன்றைத் தமிழாக்குகிறேன். திங்கள் மாலை அச்சுக்குப் போகிறது. ஸ்காட்லாந்து பற்றிய இயலில் மாட்டிக்கொண்டேன். எடின்பரோவில் ஒரு சிகிச்சை நிலையத்துக்கு வந்த, ஹெராயினை ஊசியில் ஏற்றிக்கொண்டவர்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு எச்.ஐ.வி. இருந்ததாக 1986இல் ஆய்வு வெளியானது. ஏறத்தாழ 75 கி.மீ. தள்ளியிருக்கும் கிளாஸ்கோவில் அப்போது நூற்றுக்கு ஐந்து பேர் அளவுதான். எடின்பரோவில் காவலர்கள் ஊசிகளைப் பறித்தார்கள், மருந்துக்கடைகள் விற்க மறுத்தன, இருந்த ஊசி கைமாறிக்கொண்டே போனது.

இவ்வளவும் தமிழில் வந்துவிட்டது. அட்டவணைத் தலைப்புதான் வரவில்லை. இரத்தத்தின் வழியாகப் பரவும் எச்.ஐ.வி., ஹெபடைட்டிஸ் (கல்லீரல் அழற்சி) பி, சி மூன்றையும் அடக்கும் ஒரு சொல் வேண்டும். 'இரத்தத் தொற்று' என்றால் இரத்தத்தில் சீழ் பிடித்ததாகப் படிப்பார்கள். 'ஊசித்தொற்று' போடலாமா? கட்டத்தின் அகலம் இரண்டு விரற்கடை.

க., திருச்சி

*

தம்பி, 'குருதியூர் தொற்று'. வினைத்தொகை, முக்காலத்துக்கும் பொருந்தும். ஊர்தல் என்றால் மெல்ல நகர்தல். நோய் அப்படித்தானே செல்கிறது? 'இரத்தம்' வடசொல். குருதியோ குறுந்தொகையின் முதற்பாட்டிலேயே பூத்திருக்கிறது. 'குருவும் கெழுவும் நிறனாகும்மே' என்பது தொல்காப்பியம். குரு என்றால் நிறம், அதிலிருந்து குருதி. குருந்தமரத்தையும் இதோடு சேர்க்க வேண்டும் என்பது என் நெடுநாள் எண்ணம். தனி மடலில் எழுதுகிறேன்.

புலவர், கும்பகோணம்

*

ஐயா மன்னிக்க வேண்டும். 'குருதியூர்' எந்த மாவட்டத்தில் இருக்கிறது என்று என் மாணவிகள் கேட்பார்கள். வடமொழி 'ரக்த'த்துக்கும் சாயமேறியது, சிவந்தது என்றே பொருள். இரண்டும் நிறத்தில்தான் வந்து நிற்கின்றன. பிறகு என்ன சண்டை?

க. அவர்களுக்கு: 'ஊசித்தொற்று' வேண்டாம். போதைமருந்தைக் கரைக்கும் கரண்டி, வடிகட்டும் பஞ்சு, பகிர்ந்துகொள்ளும் தண்ணீர் வழியாகவும் ஹெபடைட்டிஸ் சி பரவும். ஊசி மட்டும் என்று எழுதினால் பஞ்சை யாரும் பார்க்க மாட்டார்கள். எச்.ஐ.வி. குறைந்திருந்த அதே கிளாஸ்கோவில் ஹெபடைட்டிஸ் சி மலிந்து கிடந்தது என்பதை மறக்காதீர்கள். 'போதை அடிமை' என்றும் எழுத வேண்டாம். 'ஊசிவழிப் போதைமருந்து ஏற்றுவோர்' போதும்.

மரு. தே., மதுரை

*

எங்களுக்கு இந்தச் சண்டையே விளங்கவில்லை. குருதி இங்கே புலவர் சொல் அல்ல. குருதியமுக்கம், குருதிக்கொடை என்று ஆஸ்பத்திரிச் சுவரிலேயே எழுதியிருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே எங்கள் யாழ்ப்பாணத்து மானிப்பாயில் அமெரிக்க மருத்துவர் கிறீன் மேனாட்டு மருத்துவத்தைத் தமிழில் கற்பித்தவர். ஆகவே 'குருதிவழித் தொற்று'. திருச்சியில் விளங்காதென்றால் அது குருதியின் குற்றம் அல்ல.

யோ., யாழ்ப்பாணம்

*

'குருதியேந்து தொற்று' எப்படி? சும்மா கேட்கிறேன்.

வே., சேலம்

*

குருதியை ஏந்தும் தொற்று என்றாகிவிடும். ஏந்துவது குருதியல்லவா? எழுவாயும் செயப்படுபொருளும் இடம் மாறிக் கிடக்கின்றன.

புலவர்

*

அனைவருக்கும் நன்றி. காலையில் பாடத்தை எங்கள் வீட்டருகே இருக்கும் செவிலியரிடம் காட்டினேன். 'குருதி'யில் ஒரு நொடி நின்றார், 'இரத்த'த்தில் நிற்கவில்லை. யாழ்ப்பாணத்து 'வழி'யையும் மதுரையின் 'இரத்த'த்தையும் சேர்த்து 'இரத்தவழித் தொற்று' என்று போட்டுவிட்டேன். கட்டத்துக்குள் அடங்கியது. 2015இல் கிளாஸ்கோவிலேயே வீடற்றோரிடையே எச்.ஐ.வி. பரவத் தொடங்கிய பகுதி இன்னும் பாக்கி இருக்கிறது. அவர்களில் பலர் கொக்கெய்ன் ஏற்றியவர்கள். மாலை ஐந்துக்குள் முடிக்க வேண்டும்.

க.

*

'இரத்தவழி' என்றால் இரத்தம் போகும் வழி, அதாவது நாளம். நாளத்தில் வந்த தொற்று என்றே படிப்பார்கள். என் மறுப்பைப் பதிவு செய்கிறேன். குருந்தமரம் பற்றி இரவு எழுதுகிறேன்.

புலவர்